வெளிநாட்டில் குடியேறும் முன் பைக்கை என்ன செய்வது?

ஊரைவிட்டுக் கிளம்பும்போது போடும் பட்டியலில் பைக் கடைசி வரியில்தான் வரும். கிளம்பும் வாரத்தில், தெருமுனையில் பழைய வண்டி வாங்கி விற்கும் கன்சல்டிங் கடைக்காரர் நீட்டும் வெற்றுப் படிவங்களில் நாலு கையெழுத்து, கையில் கொஞ்சம் பணம், அத்தோடு முடிந்தது என்று விமானம் ஏறிவிடுகிறார்கள். அந்த வண்டி இரண்டு வருடம் கழித்து எங்கோ ஒரு விபத்தில் சிக்கினால் நோட்டீஸ் வருவது ஆர்சியில் (பதிவுச் சான்றில்) பெயர் இருப்பவருக்குத்தான். வாங்கியவர் யார், அவர் யாருக்கு விற்றார் என்பதெல்லாம் அப்புறம்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(30) ‘உரிமையாளர்’ என்று சொல்வது பதிவில் பெயர் உள்ளவரை. விற்றுவிட்டேன், வண்டியைக் கொடுத்துவிட்டேன், ஆனால் பதிவு மாறவில்லை என்ற நிலையில் இழப்பீட்டுப் பொறுப்பு பதிவில் உள்ளவரையே சேரும் என்று 2018 பிப்ரவரியில் நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் வண்டி பல கை மாறியிருந்தது. ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க ஒரே விதிதான் ஓடும்: நீங்கள் ஊரில் இல்லாதபோது வண்டி யார் கையில் இருக்குமோ, ஆர்சியும் அவர் பெயரில் இருக்க வேண்டும். யாரும் ஓட்டப்போவதில்லை என்றால் மட்டும் உங்கள் பெயரிலேயே விட்டுவைக்கலாம்.

இதன்படி வழிகள் மூன்று. இரண்டு வருடத்துக்குள் திரும்பி வருவது உறுதி, வீட்டில் கூரையுள்ள இடமும் இருக்கிறது என்றால் நிறுத்தி வையுங்கள். வீட்டில் ஒருவர் தினமும் ஓட்டப்போகிறார் என்றால் அவர் பெயருக்கு மாற்றுங்கள். மற்ற எல்லா நிலையிலும் விற்றுவிடுங்கள். கப்பலில் ஏற்றிக்கொண்டு போவது நாலாவது வழி. பெரும்பாலானவர்களுக்கு அது வழியே இல்லை. ஏன் என்பது பின்னால் வருகிறது.

மூன்று மாதத்துக்கு முன்பே: காகிதங்கள்

எந்த வழியில் போனாலும் முதலில் பரிவாகன் தளத்தில் (அரசின் வாகனப் பதிவு இணையத்தளம்) வண்டி எண்ணைப் போட்டு நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, கடன். வங்கிக் கடன் எப்போதோ முடிந்திருக்கும், ஆர்சியில் மட்டும் நிதி நிறுவனத்தின் பெயர் நின்றுகொண்டிருக்கும். அந்தக் கடன் பதிவு நீங்காமல் (எச்பி கேன்சல் என்பார்கள்) பெயர் மாறாது. நிதி நிறுவனத்திடம் தடையில்லாச் சான்றும், அவர்கள் கையெழுத்தும் முத்திரையும் வைத்த படிவம் 35-ம் வாங்கி ஆர்டிஓ அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். இந்தச் சான்றுகளுக்கு வழக்கமாக மூன்று மாதம்தான் ஆயுள். கடன் முடிந்தபோது வந்த பழைய கடிதத்தைப் பீரோவில் இருந்து எடுத்துக்கொண்டு போனால் புதிதாக வாங்கி வரச் சொல்வார்கள். அதற்கு நிதி நிறுவனம் எடுத்துக்கொள்ளும் நாட்களைச் சேர்த்துத்தான் மூன்று மாதம் என்கிறோம்.

இரண்டாவது, கைபேசி எண். பெயர் மாற்றம், முகவரி மாற்றம் எல்லாவற்றுக்கும் ஓடிபி பதிவில் உள்ள எண்ணுக்குத்தான் வரும். ஷோரூம்காரர் அவசரத்தில் தன் எண்ணைப் போட்டுவைத்த வண்டிகள் நிறைய. ஆதாரில் உள்ள எண், வண்டிப் பதிவில் உள்ள எண், லைசென்ஸில் உள்ள எண் மூன்றும் ஒன்றாக, நீங்கள் வெளிநாட்டிலும் உயிரோடு வைத்திருக்கப்போகும் எண்ணாக இருக்கட்டும்.

மூன்றாவது, நிலுவை அபராதம். சிக்னல் கேமரா போட்ட இ-சலான் குறுஞ்செய்தியாக வந்து கவனிக்காமல் போயிருக்கலாம். கட்டாமல் விட்டால் பெயர் மாற்றம் நடுவில் நின்றுபோகலாம்.

நான்காவது, தேதிகள். பதிவு 15 வருடம் செல்லும். அதன்பின் படிவம் 25 கொடுத்து, வண்டியை நேரில் காட்டி, 5 வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். நீங்கள் இல்லாத காலத்தில் அந்தத் தேதி வருகிறதா என்று பாருங்கள். நிறுத்தி வைத்த வண்டியை உங்களுக்குப் பதில் யாராவது ஆர்டிஓ மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தால் அதை இப்போதே விற்பது மேல்.

விற்பது

தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்றால் படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, அசல் ஆர்சி, நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், புகைப் பரிசோதனைச் சான்று, வாங்குபவரின் முகவரிச் சான்று, பான் எண், புகைப்படம் இவை வேண்டும். சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதியும் கேட்பார்கள். படிவம் 29 விற்பவர் கொடுக்கும் தகவல். விற்ற 14 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். வாங்குபவர் தன் பங்கை 30 நாளுக்குள் செய்ய வேண்டும். வாங்குபவர் கேரளா, கர்நாடகா என்று வெளி மாநிலமென்றால் முதலில் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று எடுக்க வேண்டும். அங்கே வரி கட்டிப் புது எண் வாங்கும் வரை பதிவு உங்கள் பெயரில்தான் நிற்கும். கிளம்ப ஒரு மாதமே இருக்கும்போது வெளி மாநில ஆளுக்கு விற்காதீர்கள். ஐயாயிரம் ரூபாய் அதிகம் கொடுத்தாலும் வேண்டாம்.

சிக்கல் வரும் இடம் ஒன்றுதான். படிவத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள், தேதியும் வாங்குபவர் பெயரும் எழுதாமல் விடுகிறார்கள். கன்சல்டிங் கடைக்கு இது வசதி. வண்டியைத் தன் பெயருக்கு மாற்றினால் அவருக்கு ஒரு செலவு, ஆர்சியில் ஓர் உரிமையாளர் கூடுதலாகி மறுவிற்பனை விலையும் குறையும். அதனால் கடைசி வாடிக்கையாளர் கிடைக்கும் வரை, அது ஆறு மாதமானாலும், வண்டி உங்கள் பெயரிலேயே கடை வாசலில் நிற்கும். சோதனை ஓட்டம் போகிறேன் என்று எடுத்துப் போகிறவர்களுக்கும் அதுவரை நீங்களே உரிமையாளர்.

இதற்கு மாற்று இருக்கிறது. பழைய வண்டி வாங்கி விற்கும் வியாபாரிகள் ஆர்டிஓவிடம் அங்கீகாரம் பெறும் முறை 2023 ஏப்ரல் 1 முதல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ளது. அங்கீகாரச் சான்றுக்குப் படிவம் 29பி என்று பெயர். அப்படிப்பட்ட வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் இணையத்தில் பதிந்தால், அடுத்தவர் பெயருக்கு மாறும் வரை அந்த வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். கடையில் நுழைந்ததும் ‘29பி இருக்கிறதா, 29சி போடுவீர்களா’ என்று கேளுங்கள். இரண்டுக்கும் இல்லை என்றால் அங்கே விலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெளியே வந்துவிடலாம்.

நேரடியாக ஒருவருக்கு விற்கும்போது வரிசை இப்படி இருக்கட்டும். முழுப் பணம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அதே நாள் இருவரும் உட்கார்ந்து பரிவாகனில் விண்ணப்பத்தைப் போட்டு, இருவருடைய ஓடிபியும் கொடுத்து, கட்டணம் கட்டி, விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொள்கிறீர்கள். டெலிவரி நோட்டில் தேதியோடு மணியும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுகிறீர்கள். வாங்குபவரின் ஆதார், லைசென்ஸ் நகல்கள் உங்களிடம். ஒரு சாவி அவரிடம். இரண்டாவது சாவி, ஆர்சியில் பெயர் மாறியதைப் பரிவாகன் செயலியில் பார்த்த பிறகு. இந்தக் கடைசி ஏற்பாடு சின்னதாகத் தெரியலாம், ஆனால் அலைபேசியில் எத்தனை முறை நினைவூட்டினாலும் நகராதவர்கள் இரண்டாவது சாவிக்காக நகர்வார்கள். ஊரில் தங்கும் உங்கள் அண்ணனோ அப்பாவோ அந்தச் சாவியை வைத்திருக்கட்டும்.

டெலிவரி நோட்டு மட்டும் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போலீஸ் விசாரணையில் அது உதவும். இழப்பீட்டு வழக்கில் மேலே சொன்ன தீர்ப்புதான் பேசும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் பலர் விட்டுவிடும் பணம் ஒன்று இருக்கிறது. கிளெய்ம் எடுக்காத வருடங்களுக்குச் சேரும் நோ கிளெய்ம் போனஸ் (20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை போகும்) வண்டிக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். பெயர் மாறிய ஆதாரத்தைக் காட்டி, அந்தப் போனஸை ஒதுக்கி வைத்ததற்கான கடிதம் கேளுங்கள். மூன்று வருடத்துக்குள் திரும்பி வந்து புது வண்டி வாங்கினால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் (உங்கள் வண்டிக்கே ஆகும் சேதத்துக்கான பகுதி) அந்தத் தள்ளுபடி கிடைக்கும். எத்தனை வருடம் கிளெய்ம் இல்லை என்பது அதில் தெளிவாக எழுதியிருந்தால், போகும் நாட்டு இன்சூரன்ஸ்காரரிடமும் காட்டிப் பார்க்கலாம். சிலர் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள், பலர் மாட்டார்கள்.

பணத்தைக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். வெளிநாட்டில் வசிப்பவரானபின் சாதாரணச் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ (வெளிநாட்டில் வசிப்பவருக்கான) கணக்காக மாற்ற வேண்டும், அந்த இடைவெளியில் பரிமாற்றங்கள் சிக்கும். வருமான வரியைப் பற்றிக் கவலை வேண்டாம். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த பைக்கை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. நஷ்டத்துக்குத்தானே விற்கிறோம்.

வீட்டாருக்கு விட்டுச் செல்வது

தம்பி ஓட்டட்டும் என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதில் உள்ள பெரிய ஓட்டை இன்சூரன்ஸில் இருக்கிறது. பாலிசியில் உள்ள 15 லட்சம் ரூபாய் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பு ‘ஓனர் டிரைவருக்கு’, அதாவது ஆர்சியில் பெயர் உள்ளவர் லைசென்ஸோடு ஓட்டும்போது மட்டும். நீங்கள் கனடாவில் இருக்க, தம்பி தினமும் அந்த வண்டியில் வேலைக்குப் போனால் நீங்கள் கட்டும் அந்தப் பிரீமியம் யாரையும் காப்பதில்லை. அவர் பெயருக்கு மாற்றினால் அதே தொகைக்கு அவருக்குக் காப்பு வரும். படிவங்கள் விற்பனைக்கு உள்ளவைதான், கட்டணமும் பெரிதில்லை. அண்ணன் தம்பிக்குள் என்ன பேப்பர் என்ற பேச்சை இந்த ஒரு காரணத்துக்காகவே தள்ளி வையுங்கள்.

பெயர் மாற்ற வழியில்லாமல் உங்கள் பெயரிலேயே இருக்குமானால், லைசென்ஸ் இல்லாதவர் தொடக்கூடாது என்பதை வீட்டில் கறாராகச் சொல்லுங்கள். லைசென்ஸ் இல்லாதவரை ஓட்டவிட்ட உரிமையாளருக்குப் பிரிவு 180-ன்படி 5,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதச் சிறையோ இரண்டுமோ உண்டு. பிளஸ் டூ படிக்கும் அக்கா பையன் பால் வாங்கப் போனான் என்றால் அது பிரிவு 199ஏ: 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை, பதிவு ஒரு வருடத்துக்கு ரத்து. பொறுப்பு காப்பாளருக்கும் உரிமையாளருக்கும்.

நிறுத்தி வைப்பது

வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓடவிடு என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போவதுதான் வழக்கம். வண்டியை மெதுவாகக் கொல்ல இதைவிட நல்ல முறை கிடையாது. பெட்ரோல் எரிந்தால் நீராவி உண்டாகும். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராத ஐந்து நிமிடத்தில் அந்த நீர் ஆயிலிலும் சைலன்ஸரிலும் தங்கிவிடும். ஆயில் பாலாடை நிறத்துக்கு மாறும், சைலன்ஸர் உள்ளிருந்து துருப்பிடித்து ஓட்டையாகும். செல்ஃப் இழுத்த மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பித் தர அந்த நேரம் போதாது. ஓட்டினால் இரு வாரத்துக்கு ஒருமுறை 15, 20 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும், ஓட்டுபவருக்கு லைசென்ஸும் வண்டிக்கு இன்சூரன்ஸும் இருக்க வேண்டும். இல்லையென்றால் தொடவே கூடாது. ஆறு மாதத்துக்கு மேல் போகிறவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

செய்ய வேண்டியவை, இதே வரிசையில்:

1. நன்றாகக் கழுவி, அரை மணி நேரம் ஓட்டி, சூடாக இருக்கும்போதே ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். ஓடிய ஆயிலில் அமிலம் சேர்ந்திருக்கும். அதை உள்ளே விட்டுவைத்தால் பேரிங்குகளை அரிக்கும். திரும்பி வந்தபின் மாற்றிக்கொள்ளலாம் என்பது தலைகீழ்.

2. பெட்ரோல். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், அளவு மீறினால் நீரோடு சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், தகரம் அங்கிருந்துதான் துருப்பிடிக்கும். கார்புரேட்டர் வண்டியென்றால் டேங்கை முழுதும் இறக்கி, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி மிச்சத்தையும் வடியுங்கள். இந்த ஒன்றைச் செய்யாமல் விட்ட வண்டிகளில்தான் ஜெட்டுகள் பச்சைப் பிசின் பிடித்து அடைந்திருக்கும். டேங்க் நிழலில் காய்ந்தபின் 100 மில்லி இன்ஜின் ஆயில் ஊற்றி எல்லாப் பக்கமும் படும்படி சாய்த்துச் சுழற்றி, மிச்சத்தை வடித்துவிடுங்கள். எஃப்ஐ வண்டியில் (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) பெட்ரோல் பம்ப் டேங்குக்குள் இருப்பதால் எண்ணெய் ஊற்றக் கூடாது. ஒரு வருடத்துக்குள் என்றால் பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் திரவத்தைப் புட்டியில் போட்ட அளவுக்குக் கலந்து, பத்து நிமிடம் ஓடவிட்டு, டேங்கை நிரப்பி மூடலாம். அதற்கு மேல் என்றால் மெக்கானிக்கிடம் பம்பைக் கழற்றச் சொல்லி, டேங்கைக் காயவைத்து, பம்பைத் தனியே பெட்டியில் வையுங்கள். திரும்பப் பூட்டும்போது புது ஓ-ரிங் போட வேண்டும். நிரப்பிய டேங்க் வீட்டுக்குள், அதுவும் சமையலறையை ஒட்டிய இடத்தில் வேண்டவே வேண்டாம்.

3. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் 5 மில்லி இன்ஜின் ஆயில் விடுங்கள். சாவியைப் போடாமல் கிக்கரை நாலைந்து முறை மெதுவாக மிதியுங்கள். கிக்கர் இல்லாவிட்டால் டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பிளக்கைத் திரும்பப் போடுங்கள்.

4. பேட்டரியில் முதலில் நெகட்டிவ் வயர், பிறகு பாசிட்டிவ். முழுச் சார்ஜில் 12.6 முதல் 12.8 வோல்ட் காட்டும். 12.4-க்குக் கீழே நெடுநாள் கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து திரும்ப எழாது. வீட்டில் யாராவது இரு மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போடுவார்கள் என்றால், ஆம்பியர்-மணி அளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் போதும், 4 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 0.4 ஆம்பியர். யாரும் போடமாட்டார்கள், இரண்டு வருடம் ஆகும் என்றால் பழைய பேட்டரிக் கடையில் போட்டுவிடுங்கள், வந்து புதிது வாங்கலாம்.

5. செயினை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து 90 கியர் ஆயில் தடவுங்கள். ஓ-ரிங் செயினுக்கு வயர் பிரஷ் ஆகாது. ஃபோர்க் குழாய்கள், குரோம் பாகங்கள், டிஸ்க் தவிர்ந்த வெற்று உலோகம் எல்லாவற்றிலும் மெல்லிய ஆயில் பூச்சு. சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இதைத் தவறவிட்டால் ஒரே மழைக்காலத்தில் குரோம் பொரிந்துவிடும். டிஸ்க்கிலும் பிரேக் பேடிலும் எண்ணெய் ஒரு சொட்டும் படக்கூடாது.

6. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து முன் சக்கரமும் தரையைத் தொடாமல் வையுங்கள். முடியாவிட்டால் டயருக்கு அடியில் பலகை போட்டு, மாதம் ஒருமுறை சக்கரத்தைக் கால் சுற்று திருப்பச் சொல்லுங்கள்.

7. இன்ஜின் முழுதும் ஆறியபின் சைலன்ஸர் வாயைப் பிளாஸ்டிக் பையும் ரப்பர் வளையமும் கொண்டு மூடுங்கள். இதற்குக் காரணம் குளவி. நம்மூர் மண்குளவிக்குச் சைலன்ஸர் வாய், டேங்க் மூடி அருகிலுள்ள வடிகால் குழாய், ஏர் ஃபில்டர் பெட்டியின் மூக்கு எல்லாமே கூடு கட்டும் இடம். சிறு குழாய்களில் அடைத்த மண் வெளியே தெரியாது. பெட்ரோல் டேங்கின் காற்றுத் துளை அப்படி அடைபட்டால் வண்டி ஐந்து நிமிடம் ஓடி நிற்கும், டேங்க் மூடியைத் திறந்தால் திரும்ப ஓடும். எலிக்குச் சீட்டுக்கு அடியில் உள்ள வயரிங் பிடிக்கும். அங்கே சிறு துணியில் கட்டிய நாப்தலின் உருண்டைகளை வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள்.

8. மேலே மூடுவது பருத்தித் துணி. கடையில் வாங்கிய பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும்.

கடைசியாக ஹேண்டில்பாரில் ஓர் அட்டையைக் கட்டி, எதைக் கழற்றினீர்கள், எதை அடைத்தீர்கள், என்ன தேதி என்று எழுதுங்கள். இரண்டு வருடம் கழித்து வேறு யாரோ கிக்கரை உதைக்கப்போகும்போது அது பேசும்.

இடம் பற்றி ஒன்று. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் அடுக்குமாடிகளின் தரைத்தளப் பார்க்கிங்குகள் மூழ்கின. தாழ்வான பகுதியென்றால் வண்டியை மேட்டில் உள்ள உறவினர் வீட்டில் விடுங்கள். தண்ணீர் சைலன்ஸருக்கு மேல் ஏறியிருந்தால் யாரும் ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராட் வளையும். அந்த நிலையில் ஸ்டார்ட் செய்ததைக் காட்டி இன்சூரன்ஸ்காரர் கிளெய்மை மறுக்கவும் முடியும்.

நிறுத்தி வைத்த வண்டிக்கும் இன்சூரன்ஸைத் தொடருங்கள். வீட்டு வாசலுக்கு வெளியே, தெருவில் நிற்பதும் பொது இடம்தான். பிரிவு 196-ன்படி காப்பீடு இல்லாத வண்டிக்கு முதல் தடவை 2,000, அடுத்த தடவை 4,000 ரூபாய். திருட்டும் வெள்ளமும் தேர்டு பார்ட்டியில் (அடுத்தவருக்கு ஆகும் இழப்புக்கான காப்பில்) வராது, சொந்தச் சேதக் காப்பும் வேண்டும். அதைக் காலாவதியான 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்ந்த போனஸ் போய்விடும். 2018 செப்டம்பருக்குப் பின் வாங்கிய வண்டிகளுக்கு முதல் ஐந்து வருடம் தேர்டு பார்ட்டி சேர்ந்தே வந்திருக்கும். அதனால் எல்லாம் நடப்பில் இருக்கிறது என்று நினைத்துச் சொந்தச் சேதத்தை விட்டுவிடுகிறார்கள். திருட்டுக் கிளெய்முக்கு இரண்டு சாவியும் கேட்பார்கள், எனவே இரண்டும் ஊரில், ஒரே ஆளிடம்.

திரும்பி வந்ததும் உடனே ஸ்டார்ட்டரை அழுத்த வேண்டாம். அட்டையைப் படித்து அடைப்புகளை எடுத்து, பிளக்கைக் கழற்றி இன்ஜினைக் கையால் சுற்றி, பிறகு புது பெட்ரோல். கிளட்ச் தட்டுகள் ஒட்டியிருக்கும். கியரில் போட்டு கிளட்சைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் விடும். பிரேக் ஃப்ளூயிட் ஈரம் இழுத்திருக்கும், இரண்டு வருடம் ஆகியிருந்தால் மாற்றுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் வாரமும் வருடமும்: 2321 என்றால் 2021-ன் 23-ஆம் வாரம். ஆறு வருடம் தாண்டியிருந்தால் பட்டன் (டயர் மேல் உள்ள கட்டைகள்) எவ்வளவு இருந்தாலும் மாற்றுங்கள்.

கப்பலில் ஏற்றலாமா?

அமெரிக்காவுக்கு, அந்நாட்டுப் பாதுகாப்புத் தரச் சான்று ஒட்டாத வண்டி நிரந்தரமாகப் போக வேண்டுமென்றால் 25 வயது ஆகியிருக்க வேண்டும். கனடாவுக்கு 15 வயது. இந்தியாவில் விற்ற பல்சரும் ஸ்ப்ளெண்டரும் அந்தச் சான்றோடு வருவதில்லை, ஆகவே புது வண்டிக்குக் கதவு மூடியது, தாத்தாவின் பழைய புல்லட்டுக்குத் திறந்தது. சிங்கப்பூரில் நேர் எதிர். மூன்று வயதுக்கு மேற்பட்ட வண்டி உள்ளே வராது, வந்தாலும் சிஓஇ என்னும் வண்டி வைத்திருக்கும் உரிமத்தை ஏலத்தில் எடுக்க வேண்டும்.

பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் குடியேறுபவருக்கு வழி வைத்திருக்கின்றன. பிரிட்டனில் குடிபெயர்வுச் சலுகைக்கு டிஓஆர்1 விண்ணப்பம் போட வேண்டும். 12 மாதம் அந்நாட்டுக்கு வெளியே வசித்திருக்க வேண்டும், வண்டியை 6 மாதமாவது வைத்திருந்து ஓட்டியிருக்க வேண்டும், போனபின் 12 மாதம் விற்கக் கூடாது. சலுகை கிடைத்தால் சுங்கமும் 20 சதவீத வாட் வரியும் இல்லை. ஆனால் பத்து வயதுக்குக் குறைந்த வண்டி எம்எஸ்விஏ என்னும் தனி வண்டிப் பரிசோதனையில் தேற வேண்டும், வேகமானி மைல் காட்ட வேண்டும். இரு நாடும் இடப்பக்கம் ஓட்டுபவை என்பதால் ஹெட்லைட் ஒளிக்கற்றை பொருந்தும், அந்த மட்டில் நிம்மதி. ஆஸ்திரேலியாவுக்கு 12 மாதம் தொடர்ந்து வைத்திருந்து ஓட்டிய வண்டியாக இருக்க வேண்டும், கப்பல் ஏறும் முன்பே அந்நாட்டு அரசின் ரோவர் இணையத்தளத்தில் இறக்குமதி அனுமதி கையில் இருக்க வேண்டும். அங்கே சிக்குவது இரண்டு: சேறு, ஆஸ்பெஸ்டாஸ். மட்கார்டின் உட்புறத்தில் ஒட்டிய மண்ணுக்கே கழுவும் கட்டணம் தீட்டுவார்கள். பிரேக் ஷூ, கேஸ்கெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக் கூடாது. அது 2003 கடைசியிலிருந்து அங்கே முழுத் தடை.

இத்தனைக்கும் பிறகு அனுப்புவதென்றால்: பெட்ரோல் வடித்து, பேட்டரி இணைப்பு எடுத்து (வண்டி என்பது யுஎன் 3166 எண்ணில் ஆபத்துச் சரக்கு), முன் சக்கரமும் கண்ணாடிகளும் கழற்றி, மரப்பெட்டியில் கட்ட வேண்டும். மரத்தில் ஐஎஸ்பிஎம் 15 (பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேச மரத் தரம்) வெப்பப் பதன முத்திரை இல்லாவிட்டால் துறைமுகத்திலேயே நிற்கும். பெட்டி 2.2 மீட்டர் நீளம், 0.9 அகலம், 1.2 உயரம் என்றால் சுமார் 2.4 கன மீட்டர். பகிர்ந்த கன்டெய்னரில் கன மீட்டர் கணக்கில்தான் கட்டணம். கார்னே (வண்டியைத் தற்காலிகமாகச் சுங்கமின்றிக் கொண்டுபோகும் ஆவணம்) எடுத்துப் போகலாமே என்பார்கள். அது சுற்றிவிட்டுத் திருப்பிக் கொண்டுவருபவர்களுக்கு. குடியேறுபவருக்குப் பொருந்தாது.

ஒரகடத்தில் செய்த ராயல் என்ஃபீல்டு அந்த நாடுகளின் தரச் சான்றோடு அங்கேயே கடையில் நிற்கிறது. உங்கள் வண்டியை விற்ற பணத்தோடு போய் அங்கே பழையது ஒன்று வாங்குவது அநேகமாக எப்போதும் மலிவு.

கையோடு எடுத்துப் போக வேண்டியவை

லைசென்ஸ் அட்டையை அசலாக எடுத்துச் செல்லுங்கள், கைபேசிப் பிரதி வெளிநாட்டில் செல்லாது. கியருள்ள இரு சக்கர வண்டி வகை அதில் இருக்கிறதா என்று பாருங்கள். காலாவதித் தேதிக்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம், காலாவதியாகி ஒரு வருடம் தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். எந்த ஆண்டிலிருந்து எந்த வகை என்று காட்டும் லைசென்ஸ் விவரச் சாற்றை (எக்ஸ்ட்ராக்ட்) ஆர்டிஓவிடம் முத்திரையோடு வாங்கிவையுங்கள். அனுபவ ஆண்டுகளைக் காட்ட அட்டையைவிட அது பயன்படும். சர்வதேச ஓட்டுநர் அனுமதிக்குப் படிவம் 4ஏ, 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும்.

போன இடத்தில் விதி வேறு. பிரிட்டனில் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் இந்திய லைசென்ஸில் ஓட்டலாம். இந்தியா மாற்றிக்கொள்ளும் பட்டியலில் இல்லாததால் அதன்பின் சிபிடி என்னும் அடிப்படைப் பயிற்சி, எழுத்துத் தேர்வு, இரண்டு ஓட்டுநர் தேர்வுகள். 35 கிலோவாட் இன்ஜின் சக்திக்கு மேற்பட்ட வண்டியின் லைசென்ஸுக்கு நேராகப் போக 24 வயது ஆகியிருக்க வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் எம்1 என்னும் முதல்கட்ட அனுமதி 90 நாள் செல்லும். அதில் பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது, இருட்டில் ஓட்டக் கூடாது, சில சாலைகள் நீங்கலாக 80 கிலோமீட்டருக்கு மேல் வேக வரம்புள்ள நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது.

இந்திய சிம்மை ரோமிங் திறந்த நிலையில் எடுத்துப் போங்கள். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் எண் போய்விடலாம், அதோடு ஓடிபியும் போகும். ஊரில் ஒருவருக்குப் பவர் ஆஃப் அட்டர்னி கொடுப்பதென்றால் கிளம்பும் முன் இங்கேயே எழுதிவிடுங்கள். வெளிநாட்டில் எழுதினால் தூதரகத்தில் கையெழுத்துச் சான்று வாங்கி, தாள் இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கும். வாகனப் பெயர் மாற்றத்துக்கு எல்லா ஆர்டிஓக்களும் அதை ஏற்பதில்லை என்பதால் அதை நம்பி வேலையை ஒத்திப்போட வேண்டாம்.

ஹெல்மெட்டைப் பெட்டியில் திணிக்கும் முன் உள்ளே ஒட்டிய சீட்டைப் பாருங்கள். இந்தியத் தரமான ஐஎஸ்ஐ முத்திரை மட்டும் உள்ளது பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் சட்டப்படி செல்லாது. இசிஇ (ஐ.நா. ஹெல்மெட் தரம்) 22.05 அல்லது 22.06 இருந்தால் அந்த இரண்டு நாட்டிலும் போட்டுக்கொள்ளலாம். அமெரிக்காவில் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையின் டிஓடி முத்திரை வேண்டும்.